இரத்தவியல் சிறப்புத் தேர்வுக்கு ஆயத்தமாதல்: தொடக்க நிலையினருக்கு ஒரு விளக்கம்

ஒரு வினாத்தாளில் இரண்டு நோயாளிகள் அடுத்தடுத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 38 வயதுப் பெண்; ஈறுகளில் இரத்தக் கசிவு, கை கால்களில் கன்றிய தடங்கள், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 18,000. இரண்டாமவர் 29 வயதுப் பெண். இரண்டு நாள்களாகத் தலைவலி, பேச்சில் குழப்பம், பிளேட்லெட் 9,000. இருவருக்கும் ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது. இருவருடைய இரத்த ஸ்மியரின் (கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிச் சாயமிட்ட இரத்தத்தின்) படமும் தரப்பட்டிருக்கிறது. கீழே இருப்பது ஒரே கேள்வி: அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்? முதல் படத்தில் கட்டுக் கட்டாக ஆவர் தண்டுகள் என்னும் ஊசி போன்ற துகள்கள் கொண்ட, புரோமைலோசைட் எனப்படும் முதிராத வெள்ளையணுக்கள் தெரிகின்றன. இரண்டாவது படத்தில் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. முதலாமவருக்குப் பிளேட்லெட் ஏற்ற வேண்டும். இரண்டாமவருக்கு, உயிரைப் பறிக்கக்கூடிய இரத்தப்போக்கு இருந்தாலொழிய, ஏற்றக் கூடாது. இரண்டு நோய்களின் பெயரையும் (அவற்றைப் பின்னர் பார்ப்போம்) சரியாக எழுதிவிட்டு, இந்த வேறுபாட்டை எழுதாமல் விடும் தேர்வர் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இரத்தவியல் சிறப்புத் தேர்வின் இயல்பு இந்த ஒரு கேள்வியிலேயே அடங்கிவிடுகிறது. கையில் உள்ள தகவலை வைத்து என்ன அறிக்கை தருவீர்கள், அடுத்து எந்தச் சோதனையைக் கேட்பீர்கள், அது வருமுன்பே எதைத் தொடங்கிவிடுவீர்கள் என்பதைத்தான் தேர்வாளர் பார்க்கிறார். பாடநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் வழக்கமான ஆயத்த முறை இதற்குப் போதாமல் போவதற்குக் காரணம், பாடநூல் நோயிலிருந்து தொடங்கி அதன் அடையாளங்களுக்குச் செல்கிறது, தேர்வோ அடையாளங்களைக் கொடுத்துவிட்டு எதிர்த்திசையில் நடக்கச் சொல்கிறது என்பதே.

தேர்வின் வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பேத்தாலஜிஸ்ட்ஸ் நடத்தும் தேர்வு இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதல் கட்டம் எழுத்துத் தேர்வு, இரண்டாம் கட்டத்தில் ஸ்மியர் பார்த்தல், இரத்த உறைதல், இரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றில் செய்முறைத் தாள்களும் வாய்மொழித் தேர்வும் உண்டு. அமெரிக்காவில் உள்மருத்துவ வாரியம் நடத்துவது கணினி வழியான, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. இந்தியாவில் மூன்றாண்டு டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பில் சேர்வதற்கே பெரும்பாலும் நீட்-எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டியிருக்கிறது, படிப்பின் இறுதியில் எழுத்துத் தாள்களும் செய்முறையும் வைவா என்ற வாய்மொழித் தேர்வும் வருகின்றன. எழுதப்போகும் தேர்வின் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பகிர்வையும் அந்த நிறுவனத்தின் அண்மைய அறிவிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். மூத்தவர்கள் வாய்வழியாகச் சொல்லும் வடிவம் பெரும்பாலும் அவர்கள் எழுதிய ஆண்டின் வடிவமாகவே இருக்கும்.

வடிவம் எதுவாயினும் உள்ளடக்கம் நான்கு பகுதிகளாகப் பிரிகிறது: இரத்தசோகை, ஹீமோகுளோபின் மரபு நோய்கள் முதலியவற்றைக் கொண்ட பொது இரத்தவியல், இரத்தப் புற்றுநோய்கள், இரத்தப்போக்கும் உறைவும், இரத்தம் ஏற்றுதல். பயிற்சி மருத்துவரின் அன்றாட வேலையில் புற்றுநோய்ப் பிரிவு பெரும் பங்கை எடுத்துக்கொள்வதால், படிப்பு நேரமும் தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. புதிய மருந்துகளைப் பற்றிப் படிப்பது உற்சாகமாகவும் இருக்கிறது. ஆனால் உறைதல் தாளிலும் இரத்தம் ஏற்றுதல் தாளிலும் சறுக்குவோரே அதிகம் என்பது என் கருத்து. அவை கடினமானவை என்பதால் அன்று, அந்த ஆய்வகங்களுக்குள் போய் உட்காராமலேயே பயிற்சிக் காலம் முடிந்துவிடுகிறது என்பதால்.

எண்களைப் படித்தல்

தொடக்க நிலையினர் முதலில் பழக வேண்டியது முழு இரத்த எண்ணிக்கை அறிக்கை. அதில் உள்ள எண்கள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளக்கூடியவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்ப்போம். 66 வயது ஆண். குளிர்காலத்தில் விரல் நுனிகள் நீலமாகின்றன, சோர்வு இருக்கிறது. கருவி தரும் முடிவுகள்: ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9.8 கிராம், சிவப்பணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 16 லட்சம், சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 128, இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கைக் காட்டும் பி.சி.வி. 20.5 சதவீதம், சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் செறிவைக் காட்டும் எம்.சி.எச்.சி. 47.8.

அவசரமாகப் படிப்பவர் எம்.சி.வி. 128 என்பதைப் பார்த்தவுடன் வைட்டமின் பி12 குறைபாடு என்று எழுதத் தொடங்கிவிடுவார். நிதானமாகப் படிப்பவர் எம்.சி.எச்.சி.யில் நிற்பார். ஒரு சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் அடைந்து நிற்கும் செறிவுக்கு ஓர் எல்லை உண்டு. டெசிலிட்டருக்கு 36, 37 கிராமைத் தாண்டுவது அரிது, 47.8 என்பது நடவாத காரியம். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழப் பி.சி.வி. வர வேண்டும் என்ற பழைய விதியும் இங்கே உடைகிறது: 9.8-ஐ மூன்றால் பெருக்கினால் 29.4, கருவி சொல்வதோ 20.5. ஆகவே ஏதோ ஓர் எண் பொய். ஹீமோகுளோபினை அளக்கும்போது கருவி எல்லா அணுக்களையும் உடைத்துக் கரைத்துவிடுவதால் அந்த எண்ணை நம்பலாம். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக வந்தால், கருவி ஒரு கொத்தை ஓர் அணுவாக எண்ணும். எண்ணிக்கை குறையும், பருமன் கூடும், அவற்றிலிருந்து கணக்கிடப்படும் பி.சி.வி. தவறாகும். இது குளிரில் அணுக்களைத் திரளச் செய்யும் ஆன்டிபாடியின் வேலை. மாதிரியை 37 டிகிரி செல்சியஸில் வெதுப்பி மீண்டும் ஓட்டினால் சிவப்பணு 31 லட்சம், எம்.சி.வி. 95, பி.சி.வி. 29.5, எம்.சி.எச்.சி. 33.2 என்று எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடும். ஹீமோகுளோபின் மட்டும் அதே 9.8.

இவ்வளவும் விடையின் முதல் பாதி. இரண்டாம் பாதியில், சிவப்பணுவின் மேல் ஒட்டியிருப்பவற்றைக் கண்டறியும் நேரடி கூம்ப்ஸ் சோதனையில் சி3டி என்ற நிரப்புப் புரதக் கூறு மட்டும் நேர்மறையாக வரும் என்ற எதிர்பார்ப்பு, மைக்கோபிளாஸ்மா தொற்று, லிம்போமா போன்ற பின்னணிக் காரணங்களைத் தேடுதல், இரத்த வகை பார்க்கையில் இதே ஆன்டிபாடி குழப்பம் விளைவிக்கும் என்று இரத்த வங்கிக்கு முன்னறிவித்தல், ஏற்ற வேண்டி வந்தால் இரத்தத்தை வெதுப்பும் கருவி வழியாக ஏற்றுதல் ஆகியவை வர வேண்டும். கவனித்தால், ஒரே அறிக்கைத் தாளிலிருந்து கருவியின் இயக்கமும் நோயியலும் நோயாளியின் பராமரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நல்ல கேள்விகள் எல்லாமே இப்படித்தான் அமைக்கப்படுகின்றன.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கருவுற்றிருக்கும் 24 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10.9, எம்.சி.வி. 62, சிவப்பணு எண்ணிக்கை 58 லட்சம். இரும்புச்சத்துக் குறைபாட்டில் அணுக்கள் சிறுத்துப்போவதோடு எண்ணிக்கையும் குறையும். ஹீமோகுளோபின் உருவாக்கம் குறையும் பரம்பரை நோயான தலசீமியாவின் மரபைச் சுமப்பவர்களுக்கு அணுக்கள் சிறுத்தாலும் எண்ணிக்கை தாராளமாக இருக்கும். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சங்களில்) வகுத்தால் இங்கே 10.7 வருகிறது, 13-க்குக் கீழே இருந்தால் தலசீமியாவை நினைக்க வேண்டும் என்பது மென்ட்சர் 1973-இல் தந்த எளிய வழி. ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மரபு உறுதியாகும், கடுமையான இரும்புக் குறைபாடு அந்த அளவைத் தாழ்த்திக் காட்டிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையோடு. ஆனால் கேள்வியில் கருவுற்றிருப்பது குறிப்பிடப்பட்டதற்குக் காரணம் வேறு: இருவருமே மரபைச் சுமப்பவர்களானால் குழந்தைக்குக் கடுமையான நோய் வரக்கூடும் என்பதால், கணவருக்கும் தாமதமின்றிச் சோதனை செய்ய வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத விடை முழுமையானது அன்று.

ஸ்மியரும் எலும்பு மஜ்ஜையும்

ஸ்லைடு தேர்வில் தோல்விக்கு இட்டுச்செல்லும் பழக்கம், பார்த்தவுடன் பெயர் சூட்டுவது. குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கி, ஸ்லைடின் ஓரங்களையும் வால்பகுதியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, பிளேட்லெட் திரள்களோ பெரிய அணுக்களோ அங்கே ஒதுங்கியிருக்கின்றனவா என்று தேடிய பிறகுதான், அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் பரவியிருக்கும் பகுதிக்குச் செல்ல வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கை 20,000 என்று கருவி சொல்லியும், ஸ்லைடின் வால்பகுதியில் அவை கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால், அது, இரத்தம் உறையாதிருக்க இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சேர்த்த குழாயில் நிகழும் போலிக் குறைவு. சிட்ரேட் குழாயில் மீண்டும் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். இதைத் தவறவிட்டு ஸ்டீராய்டு எழுதிக்கொடுக்கும் விடை தேர்வாளரை எரிச்சலடையச் செய்யும்.

அதன் பின் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் என்று மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் விவரிக்க வேண்டும். ஏதோ ஒன்று கண்ணைப் பறித்தாலும் மற்ற இரண்டைக் கைவிடக் கூடாது. பிளாஸ்ட் எனப்படும் முதிராத அணுக்கள் நிறைந்த ஸ்லைடில், சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒட்டியிருக்கின்றனவா என்றுகூடப் பார்க்கும் பொறுமை பயிற்சியால் மட்டுமே வரும். எழுதும் அறிக்கையில் விவரிப்பு, அதிலிருந்து நீங்கள் கொள்ளும் பொருள், மாற்று வாய்ப்புகள், அடுத்த சோதனைகள், அவசரமாயின் யாரிடம் தொலைபேசியில் சொல்வீர்கள் என்பது ஆகியவை இடம்பெற வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுதுவதே இல்லை.

தொடக்கத்தில் கண்ட இரு நோயாளிகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். முதலாமவருக்கு அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா. 15-ஆவது, 17-ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி உருவாகும் பி.எம்.எல்.–ஆர்.ஏ.ஆர்.ஏ. மரபணுவை உறுதிப்படுத்தச் சோதனை அனுப்ப வேண்டும். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருக்காமல், ஐயம் எழுந்த அந்த நேரத்திலேயே ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிட வேண்டும். இந்த நோயில் தொடக்க நாள்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மூளையிலோ நுரையீரலிலோ ஏற்படும் இரத்தப்போக்கு. எனவே பிளேட்லெட்டை 30,000 முதல் 50,000-க்கு மேலும், ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதத்தை டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராமுக்கு மேலும் காத்து நிற்பதற்காக அவற்றை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து தொடங்கிய பின் காய்ச்சல், மூச்சுத்திணறல், எடைக் கூடுதல் தோன்றினால் அது டிஃபரன்ஷியேஷன் சிண்ட்ரோம் என்ற பக்கவிளைவு என்று ஐயுற்று டெக்ஸாமெத்தசோன் கொடுக்க வேண்டும். முன்பு மிக விரைவாகக் கொன்ற இந்த நோய், இப்போது இரத்தப் புற்றுநோய்களிலேயே குணமாகும் வாய்ப்பு மிகுந்தவற்றுள் ஒன்று; அதனால்தான் தாமதத்தைத் தேர்வாளர்கள் மன்னிப்பதில்லை.

இரண்டாமவருக்கு டி.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும், நுண்குழாய்களில் பிளேட்லெட் உறைந்து அடைக்கும் நோய். உடைந்த அணுக்கள் சிவப்பணுக்களில் 1 சதவீதத்துக்கு மேல் இருப்பது இத்தகைய நுண்குழாய் அடைப்புக்கு வலுவான சான்று. இரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் இயல்பாக இருப்பதும், நேரடி கூம்ப்ஸ் எதிர்மறையாக இருப்பதும் மற்ற வாய்ப்புகளை ஒதுக்க உதவுகின்றன. ஆடம்ட்ஸ்-13 நொதியின் செயல்பாடு 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் உறுதி. அந்த மாதிரியைப் பிளாஸ்மா மாற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் கொடுக்கப்படும் பிளாஸ்மாவிலேயே அந்த நொதி இருக்கிறது. மாதிரியை எடுத்த கையோடு, முடிவு வரும் வரை காத்திராமல், பிளாஸ்மா மாற்றும் சிகிச்சைக்கும் ஸ்டீராய்டுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

எலும்பு மஜ்ஜையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மஜ்ஜை ஸ்மியரில் 500 அணுக்களை எண்ணுவதுதான் முறை. அதைச் சில முறையேனும் தாமே எண்ணிப் பார்த்தவருக்கும், அறிக்கையில் படித்தவருக்கும் உள்ள வேறுபாடு ஸ்லைடு மேசையில் தெரிந்துவிடும். வகைப்பாட்டில்தான் இப்போது ஒரு சிக்கல் இருக்கிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்பு வகைப்பாடும், சர்வதேச ஒருமித்த வகைப்பாடு என்ற மற்றொன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளியாயின. என்.பி.எம்.1 மரபணு மாற்றம் கொண்ட அக்யூட் மைலாய்டு லுகேமியாவை எடுத்துக்கொண்டால், முன்னது பிளாஸ்ட் சதவீதத்துக்குக் கீழெல்லை எதையும் வைக்கவில்லை, பின்னது 10 சதவீதமாவது வேண்டும் என்கிறது. எந்த வகைப்பாட்டின்படி எழுதுகிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிட்டு, அதையே இறுதிவரை கடைப்பிடித்தால் போதும். இரண்டையும் கலந்து எழுதுவதுதான் ஆபத்து.

உறைதல் சோதனைகள்

இந்தப் பகுதியைக் கண்டு அஞ்சுவோர், உறைதல் காரணிகளின் படத்தை மனப்பாடம் செய்வதில் நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் தேவைப்படுவது ஒரு கிளை பிரியும் சிந்தனை. 68 வயதுப் பெண்ணுக்குத் திடீரெனத் தொடையிலும் முன்கையிலும் பெரிய இரத்தக் கட்டுகள். இதற்கு முன் பல் பிடுங்கியபோதும் மகப்பேற்றின்போதும் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை. பிளேட்லெட் இயல்பு, பி.டி. 12 வினாடி, ஏ.பி.டி.டி. 82 வினாடி.

ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டிருப்பதைக் கண்டவுடன் முதலில் கேட்க வேண்டியது மாதிரி சரியானதா என்பது. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடும் குழாயிலிருந்து எடுத்திருந்தால் த்ராம்பின் நேரம் நீண்டு, ஹெப்பாரினால் பாதிக்கப்படாத ரெப்டிலேஸ் நேரம் இயல்பாக இருக்கும். குழாய் நிரம்பாமல் எடுத்திருந்தாலோ, பி.சி.வி. 55 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, சிட்ரேட்டின் விகிதம் மிகுந்து நேரம் பொய்யாக நீளும். மாதிரியில் பிழை இல்லையென்றால் நோயாளியின் பிளாஸ்மாவையும் இயல்பான பிளாஸ்மாவையும் சமமாகக் கலந்து மீண்டும் ஓட்ட வேண்டும். காரணி குறைவாக இருப்பதுதான் சிக்கல் என்றால், இயல்பான பிளாஸ்மா அதை ஈடுசெய்து நேரம் சீராகிவிடும். தடுப்பான் ஏதேனும் இருந்தால், சேர்த்த பிளாஸ்மாவிலுள்ள காரணியையும் அது முடக்கிவிடும். நம் நோயாளிக்குக் கலந்த உடனே 41 வினாடி வருகிறது. 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்த பின் 70 வினாடிக்கு ஏறுகிறது. நேரமும் வெப்பமும் சேர்ந்தே வேலை செய்யும் இந்தத் தடுப்பான், எட்டாம் காரணிக்கு எதிரான ஆன்டிபாடிக்கே உரிய அடையாளம். லூபஸ் தடுப்பானாக இருந்தால் பெரும்பாலும் கலந்த உடனேயே நேரம் சீராகாமல் நிற்கும். அந்த நோயாளிகளுக்கு வருவது இரத்தப்போக்கைவிட இரத்த உறைவுதான்.

ஆகவே இது பிற்காலத்தில் வந்த ஹீமோஃபீலியா. எட்டாம் காரணியின் அளவையும் பெதெஸ்டா அலகில் தடுப்பானின் வலிமையையும் அளக்கச் சொல்ல வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்த, எட்டாம் காரணியைத் தாண்டிச் செயல்படும் மருந்துகளான செயலூட்டிய ஏழாம் காரணியையோ, செயலூட்டிய புரோத்ராம்பின் கூட்டையோ கொடுக்கலாம். பன்றியின் எட்டாம் காரணியை ஒத்துத் தயாரிக்கப்படும் மருந்தும் உண்டு. ஆன்டிபாடியை ஒழிக்க ஸ்டீராய்டு முதலான நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சை. தசையில் ஊசி போடாதீர்கள், தேவையற்ற ஊசிக்குத்தல்களைத் தவிருங்கள் என்று வார்டுக்கு எழுதும் குறிப்புக்கும் மதிப்பெண் உண்டு.

கணக்குகளும் இந்தத் தாளில் வரும். எட்டாம் காரணியை உடல் எடையில் கிலோவுக்கு ஓர் அலகு கொடுத்தால் இரத்தத்தில் ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். ஒன்பதாம் காரணியாயின் ஏறத்தாழ 1 சதவீதம்தான். 70 கிலோ எடையுள்ள, தடுப்பான் இல்லாத கடுமையான ஹீமோஃபீலியா ஏ நோயாளிக்குத் தலையில் அடிபட்டு, அளவை 100 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டுமென்றால் 3,500 அலகு தேவை. அந்த மருந்தை ஸ்கேனுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரத்தம் ஏற்றுதல்

நோயாளியின் பிளாஸ்மாவைப் பல வகைச் சிவப்பணுக்களோடு சோதித்த முடிவுகளைக் காட்டும் ஆன்டிபாடி பேனல் தாளைக் கண்டு திகைப்போருக்கு ஒரு வழி: எதிர்வினை காட்டாத அணுக்களிலிருந்து தொடங்குங்கள். எதிர்வினை இல்லாத அணுவில் உள்ள ஆன்டிஜென்களுக்கு எதிரான ஆன்டிபாடி நோயாளியிடம் இல்லை என்று கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால், மிஞ்சுவது சிலவே. அடிக்கும்போது, அந்த ஆன்டிஜென் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்று) இரட்டைப் பங்காக உள்ள அணுவில் மட்டுமே அடிக்க வேண்டும். கிட் வகை ஆன்டிபாடிகள் (டஃபி, ரீசஸ், கெல் போலவே கிட் என்பதும் ஓர் இரத்த வகைத் தொகுதி) ஒற்றைப் பங்கு அணுக்களோடு எதிர்வினை காட்டாமல் நழுவிவிடக்கூடியவை. நொதியில் ஊறவைத்த அணுக்களில் டஃபி ஆன்டிஜென் அழிந்துவிடும், ரீசஸ், கிட் எதிர்வினைகள் வலுக்கும், கெல் மாறாது என்ற செய்தி மிஞ்சிய சிலவற்றைப் பிரித்தறிய உதவும்.

கிட் ஆன்டிபாடி தேர்வாளர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால், அது காலப்போக்கில் சோதனையில் தெரியாத அளவுக்குத் தேய்ந்து மறைந்துவிட்டு, பொருந்தாத இரத்தம் ஏறியதும் விரைந்து திரும்பி வருகிறது. அறுவைச் சிகிச்சையில் இரத்தம் ஏற்றி ஒரு வாரம் கழித்து மஞ்சள் காமாலையும் ஹீமோகுளோபின் வீழ்ச்சியும் கேள்வியில் வந்தால், தாமதமாக வரும் இந்த இரத்தச் சிதைவை நினைக்க வேண்டும். முந்தைய பதிவேடுகளைத் தேடுவேன் என்று எழுதுவது இங்கே வெறும் சடங்கு அன்று. பழைய பதிவில் மட்டுமே அந்த ஆன்டிபாடியின் தடயம் இருக்கும்.

இன்னொரு விருப்பக் கேள்வி, 1952-இல் மும்பையிலிருந்து மருத்துவர் பெண்டேயும் அவருடன் பணியாற்றியோரும் விவரித்த பாம்பே வகை. முதற்பார்வையில் ஓ வகையாகத் தெரியும் நோயாளியின் இரத்தம், ஓ வகைப் பைகள் எல்லாவற்றோடும் பொருந்தாமல் போகிறது. ஓ வகை அணுக்களில் நிறைந்திருக்கும் எச் ஆன்டிஜென்னே இல்லாத அவரிடம் அதற்கு எதிரான ஆன்டிபாடி வலுவாக இருப்பதே காரணம். அவருக்கு அதே வகை இரத்தம் மட்டுமே பொருந்தும்.

படிக்கும் முறை

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னே நின்றார்கள். மறுவாசிப்பு தரும் நிறைவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இரத்தவியலில் இதைச் செயல்படுத்துவது எளிது. ஸ்லைடை எடுங்கள், நோயாளியின் விவரத்தை மூடி வையுங்கள், விவரிப்பை எழுதுங்கள். பிறகு வயதையும் எண்ணிக்கைகளையும் மட்டும் திறந்து பார்த்து, அறிக்கையை முடியுங்கள். கடைசியில் மூத்தவர் கையெழுத்திட்ட அறிக்கையோடு ஒப்பிடுங்கள். நீங்கள் எதைக் காணத் தவறினீர்கள், எதைக் கண்டும் பொருள்கொள்ளத் தவறினீர்கள் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். முன்னதற்கு மேலும் ஸ்லைடு பார்ப்பதே மருந்து, பின்னதற்குப் படிப்பு.

கட்டுரை வினாக்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழக வேண்டும். தட்டச்சுக்கு மட்டுமே பழகிய கை, தேர்வு பேனாவில் எழுதும் வகையானால், மூன்று மணி நேரத்தில் தளர்ந்துவிடும். தேர்வு கணினியில் நடந்தால் கையெழுத்துப் பயிற்சியில் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாளாவது உறைதல் ஆய்வகத்திலோ இரத்த வங்கியிலோ தொழில்நுட்பப் பணியாளரின் அருகில் உட்காருவது, அதே நேரத்தைப் புத்தகத்தோடு கழிப்பதைவிடப் பயன் தரும். தரக் கட்டுப்பாட்டு மாதிரி எல்லையைத் தாண்டும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள், வெளியிலிருந்து வரும் தரமதிப்பீட்டு மாதிரிகளை எப்படிக் கையாளுகிறார்கள் என்பவற்றை அங்கேதான் கற்க முடியும். வைவாவில் இவை தவறாமல் வருகின்றன.

வைவாவுக்கு மனத்துக்குள் படிப்பது உதவாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எதிரில் ஒருவர் குறுக்கிட வேண்டும். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: இரவில் வார்டிலிருந்து அழைப்பு, இரத்தம் ஏறத் தொடங்கிய பத்து நிமிடத்தில் நோயாளிக்கு நடுக்கம், முதுகுவலி, இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கிறது. உடனே ஏற்றுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும், நரம்புவழியைச் சலைனால் திறந்தே வைக்கச் சொல்ல வேண்டும், நோயாளியின் கைப்பட்டையையும் பையின் சீட்டையும் அந்த இடத்திலேயே ஒப்பிடச் சொல்லிக்கொண்டே வார்டுக்குக் கிளம்ப வேண்டும். பிறகு பையையும் புதிய மாதிரியையும் இரத்த வங்கிக்கு அனுப்புதல், மறுபடியும் வகை பார்த்தல், நேரடி கூம்ப்ஸ், சிறுநீரில் ஹீமோகுளோபின், உறைதல் சோதனைகள், நோய்க்கிருமி வளர்ப்புச் சோதனை என்று வரிசையாகச் சொல்லலாம். பெரும்பாலோர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேர்வாளர் அதற்குப் பிறகும் பேசாமல் காத்திருந்தால், அவர் எதிர்பார்ப்பது இன்னொரு நோயாளியை: இந்தப் பை தவறான ஆளுக்கு வந்திருக்கிறதென்றால், இவருக்குரிய பை அந்நேரத்தில் வேறொரு கட்டிலில் ஏறிக்கொண்டிருக்கலாம். இரத்த வங்கியை அழைத்து, அந்த நேரத்தில் வெளியே சென்ற பைகள் அனைத்தையும் நிறுத்தச் சொல்வதும், அதன் பின் நிகழ்வை இரத்தப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிப்பதும், நடந்ததை நோயாளியிடமும் குடும்பத்தினரிடமும் மறைக்காமல் சொல்வதும் அந்த விடையின் எஞ்சிய பகுதி.